சட்டை உரிக்கிற பாம்பைக் கையில் எடுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் ஒரு வாசகரின் கேள்விக்கு வெளியான பதிலைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பந்து மலைப்பாம்பு இரண்டு மாதமாக இரையைத் தொடவில்லை. இப்போது கண்ணும் வெளுத்துவிட்டது. அருகில் போனால் சீறுகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் பயம் தெளியும், அப்போதும் தின்னாவிட்டால் வாயைத் திறந்து இரையை உள்ளே தள்ளலாம், நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டித் தோலைக் கையாலேயே உரித்துவிடலாம் என்று உங்கள் பதில் சொல்கிறது. இந்த மூன்றும் அந்தப் பாம்பைப் படுத்தி எடுக்கும். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால் நல்ல பாம்பும் நோயாளியாகிவிடும். அந்த வாசகர் இன்னும் எதையும் தொடங்கியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கிறது என்று வெட்டினாலும், எண்களை வெட்டிவிடாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. கணக்கெழுதிப் பிழைத்து ஓய்வுபெற்றவள். மகன் வேலை மாறிப் போனபோது அவனுடைய பாம்பு என்னிடம் தங்கிவிட்டது. பேத்தி அதற்கு முத்தம்மா என்று பெயர் வைத்தாள். பெண் பாம்புதான் என்று பிறகு மருத்துவர் பார்த்துச் சொன்னார், பெயர் தப்பித்தது. முத்தம்மாவுக்கென்று ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். இரை கொடுத்த தேதி, தின்றதா இல்லையா, எச்சம், எடை, கண் மங்கிய நாள், சட்டை கழன்ற நாள், சட்டை முழுதாக வந்ததா துண்டாக வந்ததா என்று பத்தி பிரித்து எழுதிவருகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதெல்லாம் அந்தப் பேரேட்டிலிருந்தும், அதை வைத்து மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்தும், ஓய்வு நேரத்தில் படித்ததிலிருந்தும் வந்தவை.

முதலில் கண் வெளுத்த விஷயம். வாசகர் அதை ஒரு நோயாக நினைத்துப் பயந்திருக்கிறார், பதில் எழுதியவரும் அந்தப் பயத்தைத் தெளிவிக்கவில்லை. பாம்பு சட்டை உரிப்பது ஒரு நாள் வேலை அல்ல. பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுதாக வளர்ந்த பிறகு, இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறி அவற்றைப் பிரிக்கிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் செதிலும் தோலின் ஒரு பகுதிதான். மற்றத் தோலோடு சேர்ந்து அதுவும் கழலும். ஆகவே அந்தத் திரவம் கண் செதிலுக்கு அடியிலும் ஊறும்போது கண் சாம்பல் கலந்த நீலமாக மங்கிவிடுகிறது. முத்தம்மாவிடம் முதலில் தெரிவது வயிற்றுப்புறம் இளஞ்சிவப்பாவது. பிறகு முதுகின் கறுப்பும் பழுப்பும் மங்கி, தூசி படிந்த நிறத்துக்கு வரும். அதற்குப் பின்தான் கண்.

சில நாளில் கண் மறுபடியும் தெளிந்துவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சரியாகிவிட்டது என்று நினைத்துக் கையில் எடுக்கிறார்கள், இரை வைக்கிறார்கள். திரவம் உறிஞ்சப்பட்டதால்தான் கண் தெளிந்திருக்கிறது. சட்டை இன்னும் கழலவில்லை. அதற்கு மேலும் சில நாள் ஆகும். வயிறு சிவந்ததிலிருந்து சட்டை கழலும்வரை ஒன்று முதல் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். வளரும் குட்டிகள் இதை அடிக்கடி செய்யும், வளர்ந்தவை இடைவெளி விட்டுச் செய்யும்.

கண் மங்கிய நாள்களில் பாம்புக்கு ஏறக்குறைய பார்வை இல்லை. நாக்கை நீட்டி மணம் அறிகிறது; உதட்டோரக் குழிகளால் வெப்பம் அறிகிறது; தரையில் எழும் அதிர்வை உடம்பால் உணர்கிறது. இப்போது நம் கை மேலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். வெப்பமான ஏதோ ஒன்று வருகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும், என்னவென்று தெரியாது. பாம்பைத் தின்னும் பறவையும் மேலிருந்துதான் வரும். சீறாமல் என்ன செய்யும்? அந்தச் சீற்றத்தைக் கோபம் என்றும் திமிர் என்றும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் கோபம் வருகிறது. பந்து மலைப்பாம்பு இயல்பில் சாது. பயந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். அதுவே கழுத்தை மடக்கி, பாய்வதற்குத் தயாராக நிற்கிறது என்றால் அது எவ்வளவு மிரண்டிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். அதைத் தினமும் கையில் எடுத்தால் பயம் தெளியாது. கை வந்தால் துன்பம் வரும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, புதுத் தோல் அப்போது மிகவும் மென்மையாக இருக்கிறது. பிடித்து இழுத்தால், அழுத்தினால், காயம் பழைய தோலோடு நிற்காது. காலத்துக்கு முன்பே உரித்த இடத்தில் பச்சைத் தோல் தெரிந்து நீர் கசிவதை மருத்துவரின் மேசையில் நான் பார்த்திருக்கிறேன். அது வேறொருவருடைய பாம்பு. உரித்துவிட்டவர் அன்பாகத்தான் உரித்தேன் என்றார்.

முத்தம்மாவின் வயிறு சிவந்த நாளில் பேரேட்டில் ஒரு கோடு போடுவேன். சட்டை கழலும்வரை கையில் எடுப்பது கிடையாது, இரை கிடையாது, பெட்டியைக் கழுவுவதும் கிடையாது. எச்சம் போட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் அள்ளி எறிவேன். தண்ணீர் மாற்றுவேன். பாம்பைப் பார்க்க வருகிற உறவினர்களுக்கும் அந்தக் கோடு பொருந்தும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரே ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள், சித்தி" என்று கேட்பவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர்கள் என்னைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது எனக்குத் தெரியும், பேசட்டும்.

எடுத்தே ஆகவேண்டிய நேரமும் உண்டு. தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து பெட்டி முழுக்க நனைந்துவிடும், சூடேற்றி பழுதாகும், மருத்துவரிடம் போக நேரும். அப்போதும் பாம்பை அதன் மறைவிடத்திலிருந்து உருவி எடுக்க வேண்டியதில்லை. மறைவிடத்தோடு சேர்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, அப்படியே தூக்கி வேறு பெட்டிக்கு மாற்றிவிடலாம். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால், பெட்டியைத் திறந்து சற்று நேரம் சும்மா இருங்கள். நாக்கு வெளியே வரட்டும், நீங்கள் யார் என்று மோந்து பார்க்கட்டும். தலைப்பக்கம் போகாதீர்கள். ஒரு துண்டை உடம்பின் மீது மெல்லப் போட்டு, பக்கவாட்டிலிருந்து, நடு உடம்புக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குங்கள்; பாதி உடம்பு தொங்கக் கூடாது. கழுத்தைப் பிடிக்கவே வேண்டாம். கழுத்தை இறுக்கிப் பிடிப்பது விஷப்பாம்பைக் கையாளும் நிபுணர்களின் வேலை. அதைப் படத்தில் பார்த்துவிட்டு வீட்டில் செய்கிறார்கள். எலிவாடை அடிக்கும் கையோடும் போகாதீர்கள், கண் தெரியாத பாம்புக்கு அந்தக் கை இரைதான். வெளியூர்ப் பயணம் என்றால் காற்றுப் புகும் பருத்திப் பையில் விட்டு, பையின் வாயைக் கட்டி, பையை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். இருட்டில் பாம்பு அமைதியாக இருக்கும்.

குளிப்பாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிற பாம்பு தன் சட்டையைத் தானே உரித்துக்கொள்ளும். அதற்குத் தேவை ஈரப்பதமும் உராய்வதற்கு ஒரு சொரசொரப்பான பொருளும்தான். ஒரு கட்டையோ கல்லோ போதும். மூக்கை அதில் தேய்த்து, உதட்டோரத்தில் தோலைப் பிளந்து, அதிலிருந்து ஊர்ந்து வெளியே வருகிறது; சட்டை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பி, தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கிடக்கும். பந்து மலைப்பாம்புக்குச் சாதாரண நாள்களில் 50 முதல் 60 சதவீதம், சட்டை உரிக்கும் நாள்களில் 70 சதவீதம் அளவுக்கு ஈரப்பதம் இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து போட்டு வைத்தால், ஈரம் வேண்டும்போது பாம்பே போய்ப் படுத்துக்கொள்ளும். தேவை தீர்ந்ததும் வெளியே வந்துவிடும். தொட்டியில் அமுக்கிப் பிடிக்கிற குளியலில் இந்த விருப்பம் அதற்கு இல்லை. அதே நேரம் பெட்டித் தரை எந்நேரமும் சொதசொதவென்று இருக்கக் கூடாது, வயிற்றுச் செதில் புண்ணாகிவிடும். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரம் நிற்காது. மூடியில் பாதிக்கு மேல் அடைத்துவிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டுகிற முள் வைத்த ஈரமானியை நம்பாதீர்கள். டிஜிட்டல் கருவியின் உணர்முனையைப் பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள்.

சட்டை துண்டு துண்டாக வந்தால்தான் நமக்கு வேலை. ஒரு மூடியுள்ள பெட்டியில் நனைத்த துவாலைகளைப் போட்டு, பாம்பை அதற்குள் ஊர விட்டால், பெரும்பாலும் மீதித் தோல் துணியில் கழன்றுவிடும். தண்ணீர்தான் வேண்டும் என்றால் 30 டிகிரியைத் தாண்டாத நீர், உடம்பின் பருமனில் பாதி ஆழம், பக்கத்தில் ஆள், அதிகம் போனால் இருபது நிமிடம்.

கழன்ற சட்டையைக் குப்பையில் போடுமுன் வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். சட்டை இன்னும் ஈரமாக இருக்கும்போதே தலைப்பகுதியை விரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கண் செதில்களும் அதில் இருக்கின்றனவா என்று தேடுவேன். விளக்குக்கு எதிரில் பிடித்தால் வட்டமாக, சற்றே குவிந்து, மற்றச் செதில்களைவிடத் தெளிவாகத் தெரியும். இருந்தால் நிம்மதி. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால், பழைய செதில் பாம்பின் கண்ணிலேயே நின்றுவிட்டது என்று பொருள். அப்படி ஒரு முறை முத்தம்மாவுக்கு இடது கண் செதில் நின்றுவிட்டது. கண் மங்கலாக, விளிம்பில் ஒரு சுருக்கத்தோடு தெரிந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, தொட வேண்டாம், ஈரப்பதத்தைக் கூட்டி வையுங்கள், அடுத்த சட்டையோடு போகும் என்றார். போயிற்று. அந்தச் சட்டையில் இடது கண் இருந்த இடத்தில் செதில் தடிப்பாக, இரண்டு அடுக்காக இருந்தது. மகனுடைய நண்பர் ஒருவர் இதே நிலையில் ஒட்டுநாடாவையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய செதிலோடு புதுச் செதிலும் வந்துவிட்டது. அந்தக் கண் பிழைக்கவில்லை. உங்கள் பகுதியில் தோலைக் கையால் உரித்துவிடுங்கள் என்று ஒரே வரியில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கண்தான்.

வால் நுனியையும் பார்க்க வேண்டும். அங்கே தோல் வளையமாக நின்றுவிட்டால், அடுத்தடுத்த முறைகளில் வளையத்தின் மேல் வளையம் சேர்ந்து, காய்ந்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனி கறுத்து உதிர்ந்துவிடும். இதை மட்டும் அடுத்த சட்டைவரை விட்டுவைக்கக் கூடாது. ஊறவைத்து, நனைந்த துணிக்குள் வால் நுனியைப் பிடித்துக்கொண்டு, பாம்பே இழுத்துக்கொண்டு போகும்படி விட வேண்டும். வராவிட்டால் மருத்துவர்.

இனி, தின்னாத விஷயம். மகன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, அவள் சாப்பிட்டாளா?" என்பதுதான். "நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளாவது கேட்டாயா?" என்று நானும் சொல்லிவிட்டேன். பாம்பு வளர்ப்பவர்களைப் பிடித்தாட்டும் கவலை இது ஒன்றுதான். நாம் மூன்று வேளை தின்கிறவர்கள். இரண்டு வாரம் தின்னாத உயிரைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஆனால் வளர்ந்த பந்து மலைப்பாம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தின்றாலே போதும். சட்டை உரிக்கும்போது பெரும்பாலும் தின்னாது. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பாம்புகள் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். பெண் பாம்பு முட்டையிட்டால் அவற்றைச் சுற்றிக்கொண்டு, பொரியும்வரை சுமார் இரண்டு மாதம் காவல் இருக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் தின்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் அது இப்படித்தான் காலம் காலமாக வாழ்ந்துவருகிறது.

உடம்பு இதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்டது. மூன்று வகைப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். பந்து மலைப்பாம்பு அவற்றில் ஒன்று. அவை தங்கள் ஆற்றல் செலவை 72 சதவீதம்வரை குறைத்துக்கொண்டன. எடையில் 9 முதல் 24 சதவீதம் இழந்தன. அந்த நிலையிலும் நீளத்தில் வளர்ந்தன. வரவே இல்லாத காலத்தில் செலவை முக்கால் பங்கு வெட்டி, மிச்சத்தில் முதலீடும் செய்கிற நிர்வாகத்தை என் பணிக்காலத்தில் எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

இரையில்லாத காலத்தில் மலைப்பாம்பின் குடல் சுருங்கிவிடுகிறது. தின்ற பிறகுதான் மறுபடியும் வளர்கிறது. பர்மிய மலைப்பாம்பில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் இதயத் தசை 40 சதவீதம் பெருத்துவிடுகிறது என்று 2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. ஆக, பசியோடு தானே பிடித்து விழுங்குகிற பாம்பு, தன் உடம்பைச் செரிமானத்துக்குத் தயார் செய்துகொள்கிறது. பயந்து, கண் தெரியாமல், குளிர்ந்து கிடக்கும் பாம்பின் வாயைப் பிளந்து இரையைத் தள்ளுவது, கடை அடைத்திருக்கும் நேரத்தில் ஷட்டரை உடைத்துச் சரக்கை இறக்குவது போன்றது. பெரும்பாலும் அது திரும்பி வெளியே வந்துவிடும். கக்கிய பாம்புக்கு இரைப்பை அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரமாவது எதுவும் கொடுக்காமல், பிறகு சிறிய இரையிலிருந்து தொடங்க வேண்டும். மெல்லிய பற்கள் முறிந்து ஈறில் சீழ் வைக்கும். மூச்சுக்குழாய்க்குள் ஏதாவது போய்விட்டால் அதைவிட மோசம். வலுவில் ஊட்ட வேண்டிய கட்டமும் வரும். அதை முடிவு செய்வதும் செய்வதும் மருத்துவரின் வேலை.

அப்படியானால் எவ்வளவு நாள் பொறுப்பது? நாள்கணக்கு இங்கே உதவாது, எடைக்கணக்குதான் உதவும். பாம்பு படுத்திருக்கும் மறைவிடத்தை அல்லது ஒரு டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. முத்தம்மா கடைசியாக நீண்ட நாள் தின்னாமல் இருந்தபோது தொடக்க எடை 1,520 கிராம். அதன் பத்து சதவீதம் 152 கிராம். உடல் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட எல்லை. பேரேட்டில் 1,368 என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அவள் மறுபடியும் தின்னத் தொடங்கிய அன்று எடை 1,450. ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. எச்சம் போட்ட வாரம் எடை சட்டென்று இறங்கும். அது இழப்புக் கணக்கில் வராது, அதற்குத் தனிப் பத்தி. குட்டிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. சேமிப்பில்லாத சிறு உடம்பு. சில வாரங்களிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எடை நிற்கிறது, ஆனால் பாம்பு தின்னவில்லை என்றால் பெட்டியைத்தான் சோதிக்க வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 இருக்கிறதா, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மறைவிடம் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று வேண்டும். அது விசாலமாக இருக்கக் கூடாது. உள்ளே சுருண்டால் முதுகும் பக்கமும் சுவரில் இடிக்க வேண்டும், அப்போதுதான் பாம்புக்குப் பத்திரமாகத் தோன்றும். நான்கு பக்கமும் கண்ணாடி என்றால் மூன்று பக்கத்தை அட்டையால் மறைத்துவிடுங்கள். பெட்டியை வைத்திருக்கும் மேசை, துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ ஒலிபெருக்கிக்கோ அருகில் இருக்கக் கூடாது. முத்தம்மாவின் பெட்டியை வேறு அறைக்கு மாற்றியதற்கு என் மருமகளின் பாட்டுப் பெட்டிதான் காரணம். இதை நான் வெளிப்படையாகச் சொன்னதில்லை.

தின்னாத பாம்புக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை எலியைக் காட்டிப் பார்ப்பதும் ஒரு வகைத் தொந்தரவுதான். சட்டை கழன்று சில நாள் போகட்டும். பிறகு வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். இரவில், விளக்கணைத்த பிறகு, வழக்கத்தைவிடச் சிறியதாக, உறைந்த எலி நன்றாக இளகி உடல் சூட்டுக்கு வந்ததாக, நீண்ட இடுக்கியால் காட்டுங்கள். எடுக்காவிட்டால் மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். காலையிலும் கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு, பேரேட்டில் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள், அவ்வளவுதான். உயிருள்ள எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தின்ன மனமில்லாத, அதுவும் கண் தெரியாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும்வரை கடிபட்ட பாம்புகள் உண்டு. தின்றுவிட்டால் இரண்டு நாளாவது கையில் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பொறுத்திருங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூச்சில் இரைச்சல் கேட்கிறது, மூக்கிலோ வாயிலோ நுரையோ சளியோ தெரிகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். தலையை வானம் பார்க்கத் திருப்பி வைத்துக்கொள்கிறது, புரட்டிவிட்டால் தன்னால் நிமிர முடியவில்லை என்றாலும் அப்படியே. முதுகெலும்பு கூர்மையாகத் துருத்துவது, தோல் மடிப்பு விழுந்து அப்படியே நிற்பது, எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகக் கெட்டியாக இருப்பது இவையெல்லாம் வற்றிப்போனதன் அடையாளம். தண்ணீர்த் தொட்டியில் எந்நேரமும் கிடக்கிற பாம்பின் தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் கசகசா அளவில் உண்ணிகள் நகர்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உண்ணியால் வந்த தவிப்பைச் சட்டை உரிக்கும் தவிப்பு என்று நினைத்துக் காத்திருந்தால் அது பெருகிக்கொண்டே போகும். மருத்துவரிடம் போகும்போது எடை எழுதிய தாளையும், முடிந்தால் கடைசியாகக் கழன்ற சட்டையையும் கொண்டுபோங்கள். "கொஞ்ச நாளாகவே சரியில்லை" என்கிற பேச்சைவிட அந்தத் தாள் அவருக்குப் பயன்படும்.

பாம்பைக் கையில் எடுக்கவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. சட்டை கழன்று, ஒரு முறை தின்று, செரித்த பிறகு முத்தம்மா தானாகவே மாலையில் வெளியே வருகிறாள். அப்போது எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கையில் சுற்றிக்கொண்டு, நாக்கை நிதானமாக நீட்டிக்கொண்டு இருக்கிறாள். உடம்பு தளர்வாக இருக்கிறது. மறைவிடத்தைத் தேடி முழங்கையின் மடிப்புக்குள் தலையைச் செருகத் தொடங்கினால் போதும் என்று பொருள், திரும்ப விட்டுவிடுவேன். அவளுக்கு இதில் ஒரு இன்பமும் இல்லை, பொறுத்துக்கொள்கிறாள் என்பதுதான் என் அபிப்பிராயம். மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் வந்து சேர்ந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 62 வயதுக்குக் குறையாத நிலையில், ஆண் துணையே இல்லாமல் பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்துவிட்டு, 2020-இல் முட்டையிட்டது. வீட்டில் வளர்ப்பவையும் முறையாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது ஆண்டு இருக்கும். இந்த ஆயுளில் இரண்டு மாதம் தின்னாதது ஒரு பெரிய செய்தி அல்ல. எனக்குப் பிறகு முத்தம்மா யாரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன், பேரேட்டோடு சேர்த்து.

கேள்வி கேட்ட வாசகருக்குக் குறிப்பாக: உங்கள் பாம்பின் கண் மங்கியிருக்கிறது, ஆகவே இப்போது இரை வேண்டாம், கையும் வேண்டாம். ஈரப் பாசி டப்பா ஒன்றை வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். சட்டை கழன்றதும் இரண்டு கண் செதிலும் வால் நுனியும் வந்துவிட்டனவா என்று பார்த்து, அன்றே எடை போட்டு எழுதிவையுங்கள். முன்பு எப்போதாவது எடை பார்த்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அல்லது மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது இருந்தால், ஊர்வனவற்றைப் பார்க்கிற மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் கழித்துச் சிறிய இரை ஒன்றை இரவில் காட்டுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் சொல்கிறவரிடமே பாம்புக் கேள்வியையும் கொடுக்காதீர்கள்; ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழகியவரைக் கேட்டுப் பதில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வியைப் போடாமலே விட்டுவிடலாம். சென்ற வாரப் பதிலுக்குத் திருத்தத்தை வருகிற ஞாயிறே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும். ஏழாம் பக்கத்து மூலையில் இரண்டு வரி போட்டால் அந்த வாசகர் கண்ணில் படாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்கர்